ஒரு பந்து, இரண்டு பேர்

தோஹாவில் இரவு இரண்டே கால்.
கலிபோர்னியாவில் நேற்றைய சாயங்காலம்
இன்னும் முடியவில்லை.
ஏழாம் குழியின் புல்லுக்கு நான் தண்ணீர் திறக்கிறேன்.
அங்கே பதினேழாம் குழியில் ஒருவன்
குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி,
புல்லைப் பார்க்கிறான்.

செப்டம்பர்ப் புழுக்கம். போன் கண்ணாடி வியர்க்கிறது.
சட்டையில் துடைத்தால் இன்னும் மங்குகிறது.
நீலமா சிவப்பா, யார் ஒன்று மேலே என்று புரியாமல்
பம்ப் அறை பல்பைத் தேடி ஓடுகிறேன்.

நான் ஐரோப்பா கட்சி.
அங்கே எனக்கு யாரும் இல்லை,
என் விசா பணத்தோடு லண்டன் போய்ச் சேர்ந்த
ஏஜென்ட் ஒருவனைத் தவிர.
ஷஃபிகுல் அமெரிக்கா. அவன் மைத்துனன்
நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டுகிறானாம்.
இதெல்லாம் ஒரு காரணமா என்றேன்.
உனக்கு அதுகூட இல்லையே என்றான்.

இந்த மைதானத்தில் ஒரு பந்தைக்கூட நான் அடித்ததில்லை.
ஆனால் பதினெட்டுப் புல்தரையும்
எந்தப் பக்கம் சாயும் என்று என்னைக் கேளுங்கள்.
சாக்கடையைச் சுத்தம் செய்து
ஊதாக் குழாயில் அனுப்புகிறார்கள்.
போன வாரம் நாங்கள் குளித்ததும் அதில் இருக்கும்.
மூன்றாம் குழியில் அது மேற்கே ஓடும்.
பதினொன்றில் கொஞ்சம் தயங்கி, பிறகு மனம் மாறும்.
தண்ணீர் போகிற வழிதான் பந்து போகிற வழி.
இதற்கு மேலாளரிடம் அம்புக்குறி போட்ட
ஒரு புத்தகமே இருக்கிறது.

இன்றைக்கு ஜோடி ஆட்டம்.
பக்கத்துக்கு இரண்டு பேர், ஒரே பந்து.
ஒருவன் அடித்து அது போய் விழுந்த இடத்திலிருந்து
மற்றவன் அடிக்க வேண்டும்.
மணலில் போட்டாலும் மரத்தடியில் போட்டாலும்
ஏன்டா என்று கேட்கக் கூடாது.
மட்டையை உருவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இதை எனக்கு யாரும் விளக்கவில்லை.
எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில்.
மூன்றரைக்கு அவன் அலாரம்; புல்வெட்டும் வண்டி அவனுடையது.
ஐந்தரைக்கு நான் போய்
அவன் விட்ட பள்ளத்தில் படுப்பேன்.
அவன் கடுகெண்ணெய் என் போர்வையில்,
என் விபூதி அவன் போர்வையில்.
மூட்டைப்பூச்சி யாரால் வந்தது என்று
ஒருமுறை பத்து நாள் பேசாமல் இருந்தோம்.
பேசியிருந்தாலும்
நாளைக்கு நாலு நிமிஷம்தான் கிடைத்திருக்கும்.

பதினெட்டாம் குழி. சமம்.
நார்வேக்காரப் பையன் அடித்தது
குளத்து விளிம்பில் போய் நின்றது.
அவன் ஜோடி, நாற்பது தாண்டிய அயர்லாந்துக்காரர்,
ஒரு காலை ஷூவோடு சேற்றில் இறக்கி
அதைத் தூக்கிவிட்டார்.
குழிக்கு மூன்றடி.
சிவப்புச் சட்டைக்காரர்கள் ஏற்கெனவே முடித்தாயிற்று.
பையன் இதை விட்டால் போச்சு.
இடது பக்கம் சரிவு. புல் மினுங்குகிற விதத்திலேயே தெரிகிறது.
இடது, இடது என்று கத்தினேன்.
பம்ப் அறைப் பூனை எழுந்து வெளியே போனது.

எதிராளி தொப்பியைக் கழற்றினான்.
பந்தைப் பார்த்தான். பையனின் கையைப் பார்த்தான்,
அது நடுங்கியதோ, என் கண்ணாடி ஈரமோ.
இரண்டு விரலை லேசாக அசைத்தான்:
எடுத்துக்கோ. அடிக்க வேண்டாம்.

அவ்வளவுதான். ஆளுக்கு அரைப் புள்ளி.
வர்ணனை செய்கிறவர் முட்டாள்தனம் என்று
ஆரம்பித்தபோது டேட்டா தீர்ந்தது.

நாலு மணிக்கு ஷஃபிகுல் வண்டியில் வந்தான்.
விளக்கை என் முகத்தில் அடித்து நிறுத்தி
என்ன ஆச்சு என்று கையை விரித்தான்.
பாதி என்றேன். ஆதா?
ஆதா.
உங்கள் ஆள் விட்டுக்கொடுத்தான் என்றதும்
மூன்றடியையா, கடவுளே, என்று தலையில் அடித்துக்கொண்டு
நேர்க்கோட்டில் வெட்டிக்கொண்டே போனான்.

ஐந்தரைக்குக் கட்டிலில் சூடு ஆறியிருந்தது.
பள்ளம் ஆறவில்லை.
தலையணையைத் திருப்பிப் போட்டிருந்தான்,
வியர்வை படாத பக்கம் மேலே வர.
எத்தனை நாளாகச் செய்கிறானோ, நான் கவனித்ததில்லை.

நாளைக்குத் தனி ஆட்டம், பன்னிரண்டு பேர்.
டேட்டாவுக்கு இருபது ரியால்
அவனிடம்தான் கேட்க வேண்டும்.