மற்ற மூன்று

ஒரு கேள்விக்குச் சரியான விடை ஒன்று.
அதை யாரும் எழுதிவிடலாம்.
மற்ற மூன்றுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
மரக்கடைக்கு மேல்மாடியில்
சொள்ளமுத்து அண்ணாச்சியின் பதிப்பகம்.
குரூப் நாலு, காவலர் தேர்வு, ரயில்வே.
பொது அறிவு பத்தாயிரம், விலை நூற்றுத் தொண்ணூறு.
கீழே தேக்கு அறுபடும்போது
மேலே நைல் நதி நடுங்கும்.

தவறு என்றால் வாய்க்கு வந்த தவறு இல்லை.
உலகின் உயரமான சிகரம் எது என்று கேட்டுவிட்டு
பொதிகை என்று போட்டால் சிரிப்பார்கள்.
கஞ்சன்ஜங்கா என்று போட வேண்டும்;
ஒரு காலத்தில் அளந்தவர்களே அதைத்தான் நம்பினார்கள்.
நல்ல தவறுக்கு
கொஞ்ச நாளாவது சரியாக இருந்த பழக்கம் வேண்டும்.

அதனால் பழைய பதிப்புகளைப் புரட்டுகிறேன்.
கோள்கள் ஒன்பது.
இந்தியாவின் தலைநகர் கல்கத்தா.
சோவியத் ஒன்றியம் என்று ஒரு நாடு
எண்பத்திரண்டாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது,
ராமபாணம் துளைத்த எல்லையோடு.
எல்லாரும் பதவி இறங்கி
(ஆ)வாகவும் (இ)யாகவும் என்னிடம் வேலைக்கு வருகிறார்கள்.
புளூட்டோ தினமும் வரும்.

ஒரு மழைநாளில்
குற்றாலம் அமைந்துள்ள மாவட்டம் எது என்பதற்கு
விடையைத் தென்காசி என்று திருத்தினேன்.
மூன்று தவறு வேண்டும்.
கன்னியாகுமரி.
தேனி.
மூன்றாவதற்குக் கை கொஞ்சம் நின்றது.
திருநெல்வேலி.
ஆதிச்சநல்லூருக்கும் அதே தவறு. கொற்கைக்கும் அதே.
கொற்கையை விட்டுக் கடல் போனது, எத்தனையோ நூற்றாண்டு எடுத்துக்கொண்டு;
எங்களை விட்டுக் கொற்கை போனது ஓர் அரசாணையில்.
நான் பிறந்த புளியங்குடியிலும்
எலுமிச்சை அதே மரத்தில்தான் காய்க்கிறது.
அம்மா அதே வாசலைத்தான் தெளிக்கிறாள்,
வேறு மாவட்டத்தில்.

(கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து
இமயத்துக்கு மேலாகப் பறந்து வருகிறது.
அதன் முகவரியை மட்டும் யாரும் மாற்றவில்லை.
இதைக் கேள்வியாக்கப் பார்த்தேன். அண்ணாச்சி அடித்துவிட்டார்.)

போன வைகாசியில், பின்னட்டை எண்ணுக்கு ஒரு போன்.
"அக்கா, அறிவியல், முந்நூற்றுப் பன்னிரண்டு.
தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு போட்டிருக்கு."
ஆமா.
"எங்க ஊர்ல கொதிக்காது."

ஊத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். ஞானசுந்தரி.
பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டரை இரவல் வாங்கி
அடுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறாள், மூன்று தடவை.
தொண்ணூற்றைந்தை ஒட்டி நின்றுவிட்டதாம்.
"தேர்வுல நூறுதான் அடிச்சேன். மார்க்கு போயிரும்லா."
உயரம் கூடினால் காற்றழுத்தம் என்று நான் தொடங்க,
"தெரியும்க்கா. அடுத்த பக்கத்துல நீங்களே போட்டிருக்கிய."
பிறகு கொஞ்ச நேரம் பஸ் சத்தம் மட்டும்.
"இப்ப கீழ வந்தாச்சு. எஸ்டேட்ட மூடிட்டாவ.
இங்கன நூறுலதான் கொதிக்கு.
அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சரியாத்தான் இருக்கு."
வைத்துவிட்டாள்.

புதிய பதிப்பில் இரண்டு சொல் சேர்த்தேன்: கடல் மட்டத்தில்.
"வரி மடங்குதே, எதுக்கும்மா?" என்றார் அண்ணாச்சி.
மடங்கட்டும் என்றேன்.
(அ) எழுபது. (இ) நூற்றிருபது. (ஈ) நூறு.
(ஆ)வில் தொண்ணூற்றைந்து.
தவறுதான். மதிப்பெண் கிடையாது.
எங்கோ ஒரு தேர்வறையில்
மலையிலிருந்து இறங்கிய ஒருத்தி
அதன்மேல் பேனாவை வைத்து, எடுத்து,
(ஈ)க்குப் போவாள்.

கீழே ரம்பம் நின்றிருக்கிறது. மணி ஐந்தரை.
இன்னும் நாற்பது கேள்வி பாக்கி.
புளூட்டோவுக்கு எங்கேயாவது இடம் பார்க்க வேண்டும்.