இரண்டு நான்

ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பல் வைத்தியரும் மத்தியஸ்தரும் ஒரே மாடியில்.
துளைக்கிற சத்தம் சுவருக்குள்ளால் வரும்.
நான் மொழிபெயர்ப்பாளர். விதி ஒன்றுதான்:
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்று சொல்லவேண்டும்,
அவ சொன்னாலும் அப்படியே.

ஆகவே பத்து மணிக்கு
நான் பதினாறு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன்.
பத்து ஐந்துக்கு
அந்தப் பதினாறு வருடமும் நான் தனியச் சாப்பிட்டேன்.

விட்மர் அம்மா பச்சைப் பேனாவால் பலகையில் எழுதினார்:
வீடு, பிள்ளை, கடன்.
கடனுக்குள்ளிருந்து சீட்டு வந்தது.
பத்துப் பேர், மாதம் ஆயிரம் பிராங்க்,
கூடக் கழிவு கேட்டவருக்கு முதல் என்று
டொச்சில் ஒருவாறு சொல்லி முடித்தேன்.
"எழுத்தில் இருக்கிறதா?"
கமலரூபனும் சசிரேகாவும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள்.
சிரிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை.

போன கார்த்திகையில் சொந்தக்காரர் கூடிப் பேசினார்களாம்.
தேத்தண்ணி, வடை, கடைசியில்
"அனுசரிச்சுப் போ பிள்ளை."
'போ'வையும் விடாமல் சொன்னேன்.
"எங்கே போக?" என்றார் விட்மர்.
"அதைத்தான் நானும் கேட்டனான்" என்றா சசிரேகா.
நானும் கேட்டேன், டொச்சில்.

பிள்ளையில் வந்து நின்றது.
புதன் பின்னேரம் யாருக்கு,
சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு யார்,
பள்ளி வாசலில் ஆட்கள் பார்ப்பார்களே.
அரை மணி நேரம் இருவரும் என் வாயால் அடிபட்டார்கள்.
பிறகு இழுப்புப் பம்ப். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வேண்டும்.
"நீலம் முட்டு வரேக்க," என்றார் அவர்,
"மண்ணிறம் காலமையும் இரவும்.
பிறகு வாய் கொப்பளிக்க வேணும்,
இல்லாட்டி நாக்கில புண் வரும்."
சசிரேகா நிமிர்ந்து அவரைப் பார்த்தா.
"ஓம்" என்றா.
"யா" என்றேன்.
இரண்டும் ஒரே நீளமில்லை.

என்னுடையது ஆராவ் நீதிமன்றத்தில் இருபது நிமிடம்.
அங்கே 'நான்' கிடையாது; மனுதாரர், எதிர்மனுதாரர்.
முட்டுக்கு எந்த நிறம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்குமோ,
தெரியாது.

வீட்டுக்கடன் அடுத்த தடவைக்கு.
லிப்டில் மூன்று பேர் போகலாம்.
அவர் படியால் இறங்கினார்,
பாதியில் திரும்பி வந்து
அவ மறந்துவிட்ட குடையை நீட்டிவிட்டு
மறுபடி படியால்.

படிவத்தில் எழுதினேன்: தொண்ணூறு நிமிடம், மொழி தமிழ்.
தொண்டை வறண்டிருந்தது.
"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றேன் டொச்சில்.
விட்மர் வெறும் நாற்காலிகள் இரண்டையும் பார்த்தார்,
யாருக்கு என்று.