ஒரு சாண்

புயல் கரை கடந்த ஐந்தாம் நாள்
கடலூர் முதுநகரில்
பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து
துணி பிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று லாரி.
சேலத்திலிருந்து ஒன்று, ஈரோட்டிலிருந்து இரண்டு.
முகப்பில் பேனர்,
பேனரில் கொடுத்தவர்கள்
கைகூப்பிச் சிரிக்கிறார்கள்.

மூட்டைக்குள்
பொத்தானை வெட்டி எடுத்துக்கொண்ட சட்டைகள்,
சரிகைக் கரையை உருவிக்கொண்ட பட்டு,
கல்யாணக் கோட்டு ஒன்று,
ஆண்டுவிழா மேடையில் ஏதோ ஒரு குழந்தை ஆடி முடித்த
மயில் வேஷம், தோகையோடு.
இதை எந்தக் கணக்கில் எழுத என்று கேட்டேன்.
"சிறுவர் உடை, ஒன்று" என்றார்
வருவாய் ஆய்வாளர், நிமிராமல்.

டோக்கன் நாற்பத்தேழு.
அஞ்சலாட்சி, சோதிக்குப்பம்.
துறைமுக ஏலத்தில்
செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற கை.
நீட்டிய புடவையை வெளிச்சத்தில் பிடித்தாள்.
முந்தானையை நீவினாள்.
மடிப்பில் இரண்டு ஓட்டை.
திருப்பி என் மடியில் வைத்தாள்.

வரிசையில் யாரோ சொன்னார்கள்,
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்று.
அவள் திரும்பவில்லை.
"பல்லு போன மாடுன்னு தெரிஞ்சுதானே
அவுத்து விட்டிருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது,
மறைக்காமல் சொல்கிறேன்.
என் வீட்டிலும் ஓடு பறந்திருக்கிறது,
ஐந்து நாளாகச் சரியான சோறில்லை,
நான் யாருக்காக இங்கே, என்று
உள்ளே ஒருவன் உட்கார்ந்து
ரசீது எழுதிக்கொண்டிருந்தான்.

வேறு புடவை எடுத்துக்கொண்டாள்.
போகவில்லை.
ரெஜிஸ்டரைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி,
"உள்பாவாடை இருக்கா?"

கொட்டித் தேடினோம்.
ஈரோட்டு மூட்டை ஒன்றின் அடியில்
இருநூறு, புதுசு, மடிப்புக் கலையாமல்.
ஒன்றில்கூட நாடா இல்லை.

ஆயிரத்துச் சொச்சம் புடவை கொடுத்தவர்களில்
புடவைக்குள் ஒரு இடுப்பு இருப்பது
யாருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.
"சேலை, ஒன்று" என்று எழுதி
எதிரே கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.
ஐந்து நாளும் அவர்கள்
ஈரப் பாவாடையோடு என் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

அன்றிரவு திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெரு.
கரண்ட் இல்லை.
பாதி இறக்கிய ஷட்டருக்குள்
மெழுகுவர்த்தியோடு ஹமீது மரைக்காயர்.
நாடா என்றேன்.
எத்தனை முழம் என்றார்.
எத்தனை பேர் என்றுதான் எனக்குத் தெரியும்.
எட்டு உருண்டைக்குப் பில் போட்டார்,
முழுக்காசையும் எண்ணி வாங்கினார்,
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
பிறகு இன்னும் இரண்டு உருண்டையைப் பையில் திணித்து
"இத எங்கயும் எழுதாதீங்க" என்றார்,
மெழுகு வழிவதைப் பார்த்துக்கொண்டே.

விடியவிடிய ஊக்கில் மாட்டிக் கோத்தோம்,
ஆய்வாளரும் நானும்
ராத்திரி வாட்ச்மேனும்.
என் இடுப்பைச் சுற்றி அளந்து
மூன்று முழம் மூன்று முழமாக வெட்டினேன்.
நூறு தாண்டியதும் எனக்கு
என்னையே பிடித்துப்போயிருந்தது.

காலையில் அஞ்சலாட்சி வந்தாள்.
நாடாவை இரு பக்கமும் சுண்டி இழுத்தாள்.
முடிச்சு விழும் இடத்தில்
விரலை வைத்துப் பார்த்தாள்.
நான் காத்திருந்தேன்.
எதற்கென்று உங்களுக்கே தெரியும்.

"இன்னும் ஒரு சாண் விட்டிருக்கலாம்" என்றாள்.

மரைக்காயரின் கணக்கில் வராத
உருண்டையைப் பிரித்தேன்.
மூன்று முழம்.
ஒரு சாண்.