ஆயிரத்துக்கு எழுநூறு

காடியின் முன்பெட்டியில் ஒரு நோட்டு.
நானும் குணாளனும் பேசிக்கொள்வது அதில்தான்.
"84,210. கால் லிட்டர் ஊத்தினேன். கு."
"84,655. கோல் பாதிக்குக் கீழ. முன்னூறு. பூ."
ஒரே ஒருமுறை, எண்ணெயே இல்லாமல்,
"ரசம் நல்லா இருந்துச்சு. கு."

விடியுமுன் நாலரைக்கு நான் எடுப்பேன்.
மாலை நாலுக்கு அவர்.
இரவு ஒன்றுக்குமேல்
ஈசூன் கார்ப்பேட்டையின் ஐந்தாம் தளத்தில்
அவர் அணைத்துவிட்டுப் போன இன்ஜின்
நான் வந்து மூடியைத் தொடும்போதும்
இளஞ்சூடாக இருக்கும்.
படுக்கையில் அவர் விட்ட சூட்டைவிட
இந்தச் சூடு எனக்குப் பழக்கம்.

ஒழுகவில்லை.
மைலோ அட்டைப்பெட்டியைப் பிரித்து
அடியில் விரித்து வைத்தோம்;
காலையில் ஒரு பல்லி எச்சம், அவ்வளவுதான்.
புகையவும் இல்லை.
தீவு விரைவுச்சாலையில் பின்னாலேயே வந்த தம்பி
"பிரேக் விளக்குதான்கா தெரியுது" என்றான்.
ஆனாலும் குறைகிறது,
டப்பாவிலிருந்து யாரோ
சொல்லாமல் எடுக்கிற சில்லறை மாதிரி.

காக்கி புக்கிட்டில் மிஸ்டர் சியாவ்
கோடு வரைக்கும் நிரப்பினார்.
"ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க.
கை வைக்காதீங்க. ரெண்டு பேரும்.
திரும்ப வாங்க, எவ்வளவு குடிக்குதுன்னு பார்ப்போம்."
அதிகமாகக் குடித்தால்
பிஸ்டன் வளையம். நாலாயிரம் வெள்ளி.
சிஓஇ முடிய மூன்று வருஷம் பாக்கி.
மகளுக்குப் பாலிடெக்னிக் கட்டணம்
ஏப்ரலில்.

அந்த ஏழு நாளும் நோட்டில் வெறும் எண்கள்.
சாங்கியிலிருந்து துவாஸ் போகையில்
பின்னிருக்கை ஆள் தூங்க,
மிதியை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும்
ஒரு சொட்டு, ஒரு சொட்டு என்று
என் காலுக்கடியில் எரிவது கேட்டது.
கேட்டிருக்காது. கேட்டது.

கடைசி நாள் நாலரை மணி.
விளக்குப் போடாமல் பானெட்டைத் திறந்தேன்.
கோலை இழுத்துப் பார்க்கத் தைரியமில்லை.
பழைய நோட்டுக் கணக்குப்படி எழுநூறு மில்லி,
என் தண்ணீர்ப் போத்தலில் அளந்து ஊற்றினேன்.
துணியால் மூடியைத் துடைத்தேன்.
துணி ஏற்கெனவே ஈரம்.
அதை நான் கவனித்தேன்,
கவனித்ததை யோசிக்கவில்லை.

பத்து மணிக்கு இருவருமே போனோம்.
சியாவ் கோலை இழுத்தார், துடைத்தார்,
விட்டார், மறுபடி இழுத்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மேடம், இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்.
எண்ணெய் குடிக்கிற காடி பார்த்திருக்கேன்.
எண்ணெய் உற்பத்தி பண்ற காடி
இப்பத்தான் லா பார்க்கிறேன்."

குணாளன் கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார்.
நான் அவருடைய கையைப் பார்த்தேன்;
நகக்கண்ணில் தேன்நிற வளையம்.
என் நகத்திலும்.

அதிகப்படியை வடித்து
ஜாடியில் பிடித்தார் சியாவ். சரியாக எழுநூறு.
"ஒருத்தர் ஊத்தினது எரிஞ்சு போச்சு,
இன்னொருத்தர் ஊத்தினது இங்க இருக்கு.
கணக்கு வந்திருச்சு.
கம்பெனி ஆயிரத்துக்கு ஒரு லிட்டர்வரை சரிங்குது.
ஊத்திக்கிட்டே ஓட்டுங்க. காசு வேண்டாம்."
சிரிப்பை அடக்க
டைமிங் பெல்ட் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ எப்போ?" என்றார் அவர், வெளியே.
"நாலரைக்கு. நீங்க?"
"ஒண்ணேகாலுக்கு.
நீ பயந்துடுவேன்னு."
நான் பயந்தது
அவர் விற்றுவிடலாம் என்பாரே என்று.
அதைச் சொல்லவில்லை.

சாவியை என்னிடம் நீட்டினார்.
என் நேரம்தானே, மணி பத்தரை.
இடதுபக்கம் ஏறியவருக்கு
முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.
பயணிகள் எல்லாரும் பின்னால்தான்;
இந்த இருக்கை
இரண்டு வருஷமாக யாருடைய காலுக்கும்
தள்ளி வைக்கப்படவில்லை.
நெம்புகோலைத் தேடித் தடவியவர்
விட்டுவிட்டு
மடங்கியபடியே உட்கார்ந்து
முன்பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார்.

"85,662. ஆயிரத்து நானூறு," என்று எழுதி
கையெழுத்துக்கு முன் நிறுத்தி
என்னைப் பார்த்தார்.

பச்சை விழுந்தது.