நான்கு பன்னிரண்டு

மேம்பாலத்தின் உயரத்துக்குச் சரியாக
மார்த்தாண்டம் மண்டபத்தின் மூன்றாம் மாடி.
சன்னலில் களியக்காவிளைப் பேருந்து
சக்கரம்வரை தெரிகிறது.
அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு,
கடைசிச் சுற்று, ஒன்றாம் மேசை.

எதிரே திருவட்டாறு நேசையன்.
மின்வாரியத்தில் இருந்தவர்.
காய்களை வைப்பதில்லை,
பல்பு மாட்டுவதுபோல் கட்டத்தில் திருகுகிறார்.
போன வருடம் குலசேகரத்தில்
சேலைத் தலைப்பு பட்டுச் சாய்ந்த குதிரையை
நேராக்கத் தொட்டேன்.
'தொட்டாச்சுல்லா டீச்சர், எடுத்து வையுங்க.'
அந்தக் குதிரையோடு போயிற்று ஆட்டம்,
மிக்சியும்.

இன்று ஓரச் சிப்பாயை
ஏழாம் வரிசைக்குத் தள்ளினார்.
தாளில் எழுதினார். பேனாவை மூடினார்.
கண்ணாடியைக் கழற்றி ஊதி ஊதித் துடைத்தார்.
கடிகாரத்தை அமுக்கவில்லை.

நான்கு பன்னிரண்டு.
நான்கு பதினொன்று.
அவருடைய நேரத்தில் நான் யோசிக்கிறேன்,
அடுத்த வீட்டு மோட்டாரில் தண்ணீர் பிடிப்பதுபோல்.
யோசித்திருக்கக் கூடாது.
ராஜாவை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்:
எட்டாம் வரிசையில் அவர் யானை ஓரத்துக்கு ஓடும்,
நான் சிப்பாயை வெட்டுவேன்,
யானை ஒரு படி இறங்கி ராஜாவுக்குச் செக் சொல்லும்,
ராஜா விலகினால்
அதே வரிசையில் அநாதையாக என் யானை.

இரண்டு ஐம்பது.
அவர் என் முகத்தைப் பார்க்கிறார்,
நான் திணறுவதாக நினைத்து
மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்.
சொல்ல வேண்டுமென்று சட்டமில்லை.
முப்பது வருடம் கணக்கு வாத்திச்சி,
சட்டம் எனக்குத் தெரியும்.

ஒன்று இருபது.
கன்னத்தில் கைவைத்தேன்,
யோசிப்பவள் வைப்பதுபோல்.

பூச்சியங்கள் வந்தபோது
நடுவர் ஜெனிஸ் மேசையருகே குனிந்தான்.
நேசையன் கடிகாரத்தைப் பார்த்தார்,
தன் விரலைப் பார்த்தார்.
'நான் அமுக்கல்லியா டீச்சர்?'
'கவனிக்கல்ல சார்.'
கை கொடுத்தார். கனமான, சூடான கை.
'எனக்க தப்புதான்' என்றார்.

மிக்சி மடியில் இருக்கிறது.
குழித்துறைப் பாலத்தில் பேருந்து ஊர்கிறது.
ராஜாவை இடப்பக்கம் வைத்துப் பார்க்கிறேன்,
வலப்பக்கம்,
பின்னால்.
யானை ஓரத்துக்கு ஓடுகிறது.