நாற்காலிக் கணக்கு

காலை பதினொன்றுக்கு மசோதா அவைக்கு வந்தது,
இரவு ஒன்பதுக்குள் ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
ஹாலோவே சாலையில் ஒரு பள்ளம் அடைக்க
இதே தலைநகர் நான்கு வருடம் யோசித்தது.

எந்தக் கதவை யார் திறக்கலாம் என்று ஒரு சட்டம்.
பிறப்புச் சான்றிதழில் உள்ள ஓரெழுத்தைக்
கழிப்பறை வாசலில் கேட்கச் சொல்கிறது.
கேட்கப்போவது யார் என்று எழுதவில்லை.

டாட்லாக் அண்ட் சன்ஸில் நான் கணக்கு.
வாடகை நாற்காலி: வெள்ளை மடக்கு ஆறாயிரம்,
மெத்தை வைத்தது தொள்ளாயிரம்.
சன்ஸ் என்று எவரும் இல்லை.
ஒரே மகன் டென்வரில் பல் வைத்தியம் பார்க்கிறான்.

முதல் வாரம் மருந்தாளர் மாநாடு போயிற்று.
அடுத்துக் கல்லூரிக் கூடைப்பந்து,
அப்புறம் நூலகர்கள்; அவர்கள் மட்டும்
மன்னிப்புக் கேட்டுக் கையால் எழுதியிருந்தார்கள்.
மற்றக் கடிதமெல்லாம் ஒரே அச்சு:
எங்கள் விழுமியங்களோடு ஒத்துப்போகவில்லை.
அதிலொரு கம்பெனிக்கு, தேடிப் பார்த்தேன்,
இதைவிடக் கொடிய சட்டமுள்ள இரண்டு நாட்டில்
தொழிற்சாலை நன்றாகவே ஓடுகிறது.
விழுமியத்துக்கும் தூரக் கணக்கு உண்டு போலும்.

நெடுஞ்சாலைக்கு அருகே ஐந்நூறு வேலை வருமென்று
மரம் வெட்டிச் சமன்செய்த நிலம்
சிவப்புச் சேறாகக் கிடக்கிறது.
அளவைக்காரர் நட்ட சின்னக் கொடிகளை
மழை ஒவ்வொன்றாய்ச் சாய்க்கிறது.

என் முதலாளி வெர்லின் டாட்லாக்,
செனட்டர் மேப்ரியின் பெயர்ப்பலகையை
வீட்டுப் புல்வெளியில் நட்டவர்.
"ஒரு வேலைகூடப் போகவில்லை" என்று
மேப்ரி தொலைக்காட்சியில் சொன்ன அன்று
இருவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பியிருந்தோம்.

எதிர்க்கட்சி வேட்பாளர் கேமராவோடு வந்தார்.
அடுக்கிய நாற்காலிகள் பின்னால் தெரியவேண்டுமாம்.
"கொஞ்சம் வருத்தமாக நில்லுங்கள்" என்றார் ஒளிப்பதிவாளர்.
வெர்லினுக்குக் காலையிலிருந்தே வருத்தம்தான்,
கேட்டதும் முகத்துக்கு வரவில்லை.
மூன்று தடவை எடுத்தார்கள்.
போகும்போது எவரும்
ஒரு நாற்காலி வாடகைக்குக் கேட்கவில்லை.

ரெமி கல்பெப்பர் லாரி ஓட்டுகிறாள், பதினொரு வருடமாக.
கிடங்கில் கழிப்பறை ஒன்றே, தாழ்ப்பாள் உடைந்தது.
தட்டுவோம். உள்ளிருந்து "ஆள் இருக்கு" என்று குரல் வரும்.
அதற்கு மேல் எங்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

அக்டோபரில் ஒரு பெரிய ஆர்டர்,
ஆறு மாதத்தில் அது ஒன்றுதான்:
கண்காட்சித் திடலில் இரண்டாயிரம் நாற்காலி,
மேப்ரியின் தேர்தல் கூட்டம், முழுப்பணமும் முன்கூட்டியே.
வெர்லின் காசோலையை
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
ரெமிதான் வரிசை பிரித்துப் போட்டாள்,
நூல் பிடித்தாற்போல். அவள் வேலை அப்படி.

மறுநாள் வண்டிப் புத்தகத்தில் இருபத்தெட்டு மைல் அதிகம்.
"டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு?" என்றார் வெர்லின்.
திடலில் இரண்டு கதவுக்கும் காவலர் நின்றார்களாம், என்றேன்.
பதினான்கு மைல் கிடங்குக்கு வந்து,
தட்டி, உள்ளே போய்,
மறுபடி பதினான்கு மைல் போயிருக்கிறாள்.
அந்த ஒரு வரியை வெகுநேரம் படித்தார்.
கையெழுத்துப் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

மேப்ரி ஜெயித்தார், சொற்ப ஓட்டில்.
ஆளுநர் தோற்றார், அதைவிடச் சொற்ப ஓட்டில்.
வெர்லின் எவருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை.
புல் வெட்டப் பிடுங்கிய பலகையைத்
திரும்ப நடவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வருடக் கடைசி. கணக்கு முடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
போன மாநாடுகளுக்கு ஒரு பத்தி இருக்கிறது,
வந்த காசோலைக்கு ஒரு பத்தி.
இருபத்தெட்டு மைலை
எதில் எழுதுவது என்றுதான்
பேனா நிற்கிறது.