செவிவழி

பாக்கோலோட் நகர மண்டபத்தின் பின்கட்டில்
மூன்று மாத ஒப்பந்தத்தில் எனக்கு ஒரு மேஜை.
வருகிறவர்களின் பழைய நாட்களுக்கு
மதிப்பெண் போடுவது வேலை.
செத்தவருக்குப் பத்து.
வதைபட்டவருக்கு ஆறிலிருந்து ஒன்பது வரை.
ஏழா எட்டா என்று பேனா தயங்கும்போது
எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார்,
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

தியோதூலோ மக்பானுவா. வயது எழுபத்தொன்று.
சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தர்.
இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.
'கரும்பு வண்டி ஏறியும் இப்படி ஆகலாம்'
என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியது
மேலிடம்.

பதினான்காம் கேள்வி:
சம்பவத்தை நேரில் பார்த்த இருவர்.
"பார்த்தவர்கள் நாலு பேர், அம்மா.
ஒருவர் மேஜராக ஓய்வு பெற்றார்.
ஒருவருக்கு இப்போது மூன்று பெட்ரோல் பங்க்.
போய்க் கையெழுத்து வாங்கி வரட்டுமா?"
அவர் சிரிக்கவில்லை.
எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மழை பிடித்த மூன்றாவது வாரம்
சீலாயிலிருந்து வந்தாள் கொன்சோர்சியா,
பள்ளிச் சீருடை தைக்கிறவள்,
தன் மனுவோடு.
அதே முகாம், அதே செப்டம்பர்.
பக்கத்து அறையில் ஒருவன் இருந்தான் என்றாள்.
பார்த்தீர்களா?
"மாவு மூட்டைத் துணியால் கண்ணைக் கட்டியிருந்தார்கள்."
அப்படியானால் இது செவிவழிச் செய்தி, செல்லாது என்றேன்.
சட்டம் படித்த வாய்.
"செவி வழியாகத்தானே வரும்,
நடுவில் சுவர் இருந்தால்?"

இரவெல்லாம் அவன் கத்தினானாம்:
ஆறாம் வண்டி, தொள்ளாயிரத்து எண்பது கிலோ.
ஏழாம் வண்டி, ஆயிரத்து நூற்றிருபது.
அவர்கள் பெயர்களைக் கேட்டார்கள்.
அவன் எடைகளைச் சொன்னான்.

ஒரே நாளில் இருவரையும் வரச்சொன்னேன்.
விதியில் அதற்கு இடமில்லை,
தடையும் இல்லை.
அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
"தெரியவில்லை" என்றாள்.
பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.
"பேசச் சொல்லுங்கள்."

"ஆறாம் வண்டி," என்றார் அவர்,
"தொள்ளாயிரத்து எண்பது.
ஏழாம் வண்டி..."
நின்றுவிட்டார்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"அதற்கு மேல் ஞாபகம் இல்லை."

மூடிய கண்களோடு அவள் தொடர்ந்தாள்:
"ஏழாம் வண்டி ஆயிரத்து நூற்றிருபது.
எட்டாம் வண்டி, நனைந்த கரும்பு, ஆயிரத்து அறுபது,
கழிவு பதினைந்து."

"பதினெட்டு," என்றார் அவர்.
"நனைந்த கரும்புக்குப் பதினெட்டு கழிப்போம்."
சொன்ன பிறகுதான்
தொப்பி கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தார்.

படிவத்தில் 'பார்த்த' என்பதை அடித்து
'கேட்ட' என்று எழுதினேன்.
பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
இருவர் கேட்ட இடத்தில் ஒருத்திதான்.
ஒன்பது போட்டேன்.
மேலிடம் என்ன செய்ததோ,
அந்த வெள்ளியோடு என் ஒப்பந்தம் முடிந்தது.

ஜன்னல் வழியே கடைசியாகப் பார்த்தது:
ஜீப்னிக்குக் காத்து நின்றார்கள் இருவரும்,
ஒரே கூரைக்கு அடியில்,
பேச்சில்லாமல்,
நடுவே ஒரு சுவரின் கனத்துக்கு
இடம் விட்டு.